இடது ஓரத்தில் நின்றவன்

உதை விழுந்தது வயிற்றில். கன்னியப்பன் தேய்த்துக்கொண்டிருந்ததோ தோளை. இடது தோளை. இடைவேளைக்கான ஊதல் ஓய்ந்து, மூன்றாம் ஷாஃப்ட் சுரங்கத்தின் கால்பந்து அணியில் மற்றப் பத்துப் பேரும் புழுதியோடு புழுதியாக வந்து நனைத்துப் போட்டிருந்த சாக்குகளின் மேல் பொத்துப் பொத்தென்று விழுந்த பிறகும், அவன் மட்டும் விழாமலும் உட்காராமலும், வலது கையால் இடது தோள்மூட்டைப் பிசைந்தபடி, அழைக்காத வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்ட விருந்தாளியைப்போல் நின்றான். அணியைப் பழக்கும் வெள்ளைக்காரர் எட்வின் வில்ஷா அந்தக் கையைப் பார்த்தார். பார்த்ததும் பார்வையை அங்கிருந்து பிடுங்கி, மைதானத்துக்கு அப்பால், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் சாம்பல் மலையாய்க் குவிந்து கிடந்த சயனைடு மேட்டின்மீது வைத்தார். அது அங்கே நிற்க மறுத்துச் சுரங்க வாயிலின் சக்கரத்துக்குத் தாவி, சக்கரத்திலிருந்து கம்பெனிப் பெரியவர்களின் ஷாமியானாவுக்குத் தாவி, மறுபடி அந்தத் தோளுக்கே வந்து ஒட்டிக்கொண்டது. சுளுக்காக இருக்கும். விழும்போது மண்ணில் இடித்திருக்கும். கோலார் தங்கவயலின் இந்த மைதானத்தில் புல் என்று ஒன்று முளைத்ததே கிடையாது, கல்லும் சரளையும்தான், விழுந்தவனுக்குத் தோள் வலிக்காமல் வேறென்ன வலிக்கும். ஆனால் கன்னியப்பன் விழவில்லையே. அதிகாரிகள் கிளப்பின் ஃபுல்பேக் ஆட்டக்காரன் பூட்ஸ் காலைத் தூக்கியபோது, வெறுங்காலோடு பந்துக்குத் தாவிய கன்னியப்பன், விலா எலும்புக்குக் கீழே இடது பக்கத்தில் அந்த உதையை வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கனமான ஒரு மூட்டையை இறக்கி வைப்பதுபோல் தன்னைத்தானே மெல்ல இறக்கி வைத்துக்கொண்டான். தோள் மண்ணில் படவேயில்லை. வில்ஷா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆடிய காலத்திலும் சரி, ஆட்டுவிக்கிற காலத்திலும் சரி, முப்பது வருஷமாக அவர் பழகிய வித்தை அது ஒன்றுதான்: பந்தின் பின்னால் ஓடுகிறவர்கள் எப்படி விழுகிறார்கள் என்று பார்ப்பது.

"இன்னாடா, குந்தாம நின்னுகினு கீற? எங்க வலிக்குது?" என்று கேப்டன் முனிரத்தினம் சாக்கில் படுத்தபடியே கேட்டான். "தோளுண்ணா." "தோளா? அவன் எட்டி ஒதச்சது வயித்துல. ஒனக்கு வலிக்கிறது தோளுல. நாளைக்கித் தலவலி வந்தா முட்டிக்குப் பத்து போடுவியா?" சாக்குகளின் மேல் கிடந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள், கன்னியப்பனும் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் உடைந்து மூச்சாகப் போயிற்று. வில்ஷாவின் உதடும் பழக்கதோஷத்தால் ஒரு மயிரிழை நெளிந்தது. நெளிந்ததை அவரே உணர்ந்தார். சட்டென்று கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அப்போதும் இதேதான். அப்போதும் வாய் இப்படித்தான் முதலில் நெளிந்தது, அப்புறம்தான் சத்தம் வந்தது. சத்தம் வந்ததா? வந்தது. வராமல் என்ன. இருபத்துநான்கு வருஷமாக அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு, முட்டிய வேகத்தில் திரும்பிப் போய், வேறு வழியாகச் சுற்றி வந்து மறுபடி அங்கேயே முட்டிக்கொள்ளும் மனத்துக்கு, சத்தம் வந்ததா இல்லையா என்பது தெரியாமல் இருக்குமா.

சட்டப்படி இடைவேளை ஐந்து நிமிடம். ஷாமியானாவில் இருப்பவர்கள் தேநீரை ஆற அமரக் குடித்து முடிக்க வேண்டும் என்பதால் இந்த ஊரில் அது பத்து நிமிடமாக வளர்ந்திருந்தது. வில்ஷா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இரண்டு போய்விட்டது. ஆளுக்கு ஒரு கோல். அதிகாரிகள் கிளப்பும் மூன்றாம் ஷாஃப்ட்டும் ஆளுக்கு ஒன்று, இன்னும் நாற்பத்தைந்து நிமிடம், மேசைமேல் வெள்ளிக் கோப்பை. அந்தக் கோப்பையைப் பூமிக்கு அடியில் வேலை செய்கிற ஒருவனும் இதுவரை கையால் தொட்டதில்லை, அதைத் துடைத்து வைக்கிற பியூன்தான் தொட்டிருக்கிறான். கயிறு கட்டிய எல்லையைச் சுற்றி தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வந்த ஜனம், ஆறாயிரமோ ஏழாயிரமோ, பெண்கள்கூட, வேலை முறை முடிந்து சுரங்கத்திலிருந்து நேராக ஏறி வந்தவர்கள் முகத்தில் பாறைத்தூள் அப்பியபடி, அத்தனை பேரும் இந்தச் சாக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடங்குமுன் எழுதிக் கொடுத்த பதினோரு பெயர் பதினோரு பெயர்தான். ஒருவன் கால் முறிந்தாலும் மூச்சு முட்டினாலும் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் இறங்க முடியாது. ஆட்டத்தின் விதி அது, இங்கிலாந்திலும் அதுவே, இங்கும் அதுவே. அதனால்தான் ஆட்டக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யார் உண்டாக்கியது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அடிபட்டவனை வெளியே அனுப்பாதே, இடது ஓரத்துக்கு அனுப்பு. அங்கே அவன் ஓட வேண்டாம், பந்தைத் தேட வேண்டாம், நின்றால் போதும். அவன் நிற்கிறானே என்று எதிரணி ஓர் ஆளை அவனுக்குக் காவல் வைத்தாக வேண்டும். அடிபட்டவன் ஆடாமலே ஓர் எதிரியைக் கட்டிப்போடுகிறான். எண்ணிக்கைக்கு ஒருவன். வில்ஷா இந்த வழக்கத்தைப் பத்தொன்பது வயதில் கற்றுக்கொண்டார், இருபத்தைந்து வயதில் அதை ஒருவனுக்குக் கட்டளையாகச் சொன்னார், முப்பத்தெட்டு வயதில் கப்பலேறி இங்கு வந்து, பதினோரு வருஷமாக இந்தச் சுரங்கக்காரர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒருவன் ஜோ ஹார்கர். இங்கத்திய மழைபோல் அல்ல, இங்கிலாந்தில் அவர்கள் ஊர் பிப்ரவரி மழை வேறு மாதிரி, நூல் நூலாய், ஆலையில் தறிக்குப் போகும் இழைபோல் நாளெல்லாம் இறங்கும். ஒரு சனிக்கிழமை, கோப்பைக்கான ஆட்டம். சேற்றில் கணுக்கால் புதைய ஆடினார்கள். வில்ஷா அப்போது கேப்டன், பஞ்சாலையின் தூசியை இருமித் தள்ளிவிட்டு ஆட்டத்துக்கு வந்து ஆறு வருஷமாகியிருந்தது, நடு வரிசையில் அவரைத் தாண்டி ஒரு பந்தும் போகாது என்று பேர். ஹார்கருக்கு விலாவுக்குக் கீழே இடது பக்கத்தில் உதை விழுந்தது. இடைவேளையில் பலகைமேல் உட்கார்ந்து, வலது கையை இடது தோளில் வைத்துக்கொண்டு, எட்வின், எனக்குத் தோள் வலிக்கிறது என்றான். வயிற்றில் வாங்கிய அடிக்குத் தோள் வலிக்கிறதென்று ஒருவன் சொன்னால் யார்தான். எல்லோரும்தான் சிரித்தார்கள். ஆனால் முதலில் சிரித்தது கேப்டன். கேப்டன் சிரித்ததால்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, போ, இடது ஓரத்தில் போய் நில், எண்ணிக்கைக்கு என்றார் வில்ஷா. ஹார்கர் போய் நின்றான். நாற்பது நிமிடம் மழையில் நின்றான். கடைசியில் பந்து தானாகவே அவன் காலடிக்கு வந்தபோது, அதை ஒரே ஒரு தட்டு தட்டி நடுவே அனுப்பினான், அது கோலாயிற்று. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தோள்மீதே அவன் வாந்தியெடுத்தான். செவ்வாய்க்கிழமை விடியுமுன் இறந்துபோனான். மண்ணீரல் கிழிந்திருக்கிறது, உள்ளே ரத்தம் மேலேறித் தேங்கும்போது அதன் வலி தோளில்தான் தெரியும், அந்த நரம்பின் அமைப்பு அப்படி என்று ஊர் மருத்துவர் சொன்னார். சனிக்கிழமையே தெரிந்திருந்தால் அறுத்துத் தைத்திருக்கலாம் என்றும் சொன்னார். ஏன் அதைச் சொன்னார்? சொல்லாமல் விட்டிருக்கலாம். மருத்துவர்கள் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள், தெரிந்த இடத்தில் மூடமாட்டேன் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வில்ஷா கேட்ட கதைகளை வரிசையாக அடுக்கினால், ஒரே ஆள் ஐந்து விதமாக இடது ஓரத்துக்கு நடந்து போவான். பத்திரிகை சொன்ன கதையில், வெளியேறு என்று கேப்டன் மன்றாடுகிறார், ஹார்கர் மறுத்து, என் ஊருக்காக நிற்பேன் என்கிறான். சேற்றில் நின்று அந்த மாதிரி வசனம் பேசுகிற ஆட்டக்காரனை வில்ஷா இன்றுவரை கண்டதில்லை. மதுக்கடையில் சொன்ன கதையில், அடிபட்டவனைத் துடைத்துவிட ஈரப் பஞ்சோடு ஓடி வருகிற பயிற்சியாளன்தான் குற்றவாளி. கேப்டன் அந்தப் பக்கமே இல்லை. ஹார்கரின் மனைவி சொன்ன கதை ஒரே ஒரு வாக்கியம். அடக்கம் முடிந்து எல்லோரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவள் வில்ஷாவின் முன்னால் வந்து, நீங்கள் நில் என்றீர்கள், அவர் நின்றார் என்றாள். ஆட்டத்தைப் பார்க்காதவள் சொன்னதுதான் நடந்ததற்கு மிக அருகில் இருந்தது. நான்காவது கதை வில்ஷா தானே சொன்னது. யுத்தம் முடிந்து, ஆடும் கால் ஓய்ந்து, ஒரு சின்ன கிளப்புக்கு மேனேஜரானபோது, இரண்டு கோல் பின்தங்கிச் சுருண்டு கிடந்த ஆட்டக்காரர்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லாமல் அதைச் சொன்னார்: ஒருவன் இருந்தான், அடிபட்டான், இடது ஓரத்தில் நின்றான், கடைசி நிமிடத்தில் பந்து அவனிடம் வந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போவதோடு கதையை நிறுத்தினால் கேட்பவர்கள் கண் மின்னும் என்பதை அன்று கண்டுகொண்டார். அந்தக் கண் மின்னலில்தான் அவருடைய கிளப் மேல்வரிசைக்கு ஏறிற்று. அந்த ஏற்றத்தை நம்பித்தான் பெரிய கிளப் ஒன்று அவரை அழைத்தது. அங்கே நிர்வாகி ஒருவரோடு ஒத்துப்போகாமல் இரண்டே வருஷத்தில் வெளியேறி, தங்கவயலில் தொழிலாளர் நலன் பார்க்க ஆள் தேவை, கால்பந்து தெரிந்திருந்தால் நல்லது என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கப்பலேறியபோதும், பெட்டியில் எது இருந்ததோ இல்லையோ, அந்தக் கதை இருந்தது. முடிவு வெட்டிய கதை. எத்தனையோ வருஷம் சொல்லிச் சொல்லி, சொன்ன இடம் தேய்ந்து வழவழப்பாகி, வெட்டிய இடமே தெரியாமல் போயிருந்தது.

ஐந்தாவது கதையை அவருக்குச் சொன்னவன் பஜாரில் சவரக்கடை வைத்திருந்த பெருமாள். முகமெல்லாம் சோப்பு நுரையோடு வில்ஷா நாற்காலியில் சாய்ந்திருக்க, அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "ஒங்க ஊர்ல ஒரு ஆளு தொர, ஆட்டத்துல ஒதச்ச ஒதையில கொடல் வெளிய வந்துட்ச்சாம். அத்த உள்ள தள்ளி, துண்டால இறுக்கிக் கட்டிகினு, லெப்ட்டுல போயி நின்னாராம். நின்னது மட்டுமா, தலயால முட்டி அவரே கோலும் போட்டாராம். லைன்ல எல்லாம் இதான் பேச்சு. நெசந்தானா?" வில்ஷா தலையசைத்தார். "அய்ய, தலய ஆட்டாதீங்க, கத்தி கீது," என்றான் பெருமாள். தன் கையால் விதைத்தது தன் கழுத்துக்கே இப்படித் துண்டு கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவர் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். அன்று மாலை கிளப்பில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்கூட. அந்தக் கிளப்பிலேதான், வேறொரு மாலை, ஒரு மேஸ்திரி கூலிக்காரனை உதைத்து அந்த ஆள் இரண்டாம் நாள் செத்துப்போன பேச்சு வந்தபோது, கண்ணாடிக் கோப்பையை ஆட்டிக்கொண்டே ஒருவர், இவர்களுக்கெல்லாம் மலேரியாக் காய்ச்சலால் மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது, பழுத்த பழம் மாதிரி, தொட்டால் வெடித்துவிடும், உதைத்தவன் என்ன செய்வான் என்றார். பழுத்த பழம் மாதிரி. வில்ஷா வாய் திறக்கவில்லை. கன்னியப்பனுக்குப் போன மழைக்காலம் முழுவதும் காய்ச்சல். மூன்று தடவை வந்து மூன்று தடவை போயிற்று. கொயினா மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தவரே வில்ஷாதான்.

நான்கு நிமிடம். தேவசகாயம் ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்து ஒவ்வொருவனாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். தட்டை இடுப்போடு அணைத்து, கையைத் தாழ்த்தித்தான் நீட்ட முடியும் அவனால். போன வருஷ அரையிறுதியில் அவனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. முறிந்த எலும்போடு முப்பது நிமிடம் இடது ஓரத்தில் நின்றான். வில்ஷாதான் நிற்கச் சொன்னார், அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் போய் நின்றும்விட்டான். எலும்பு கோணலாக ஒட்டியது. கை தோளுக்கு மேல் எழும்பாது. சுரங்கத்துக்குள் இறங்க லாயக்கில்லை என்று, இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக்கொடுக்கும் விளக்கு அறையில் போட்டார்கள். ஆனால் லைனில் அவன் நடந்து போனால் பெண்கள் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். "இந்தா கன்னியப்பா, தின்னு. லெப்ட்டுல நிக்கிறதுன்னா ஒண்ணும் இல்ல, பல்லக் கடிச்சிக்கோ. மொத பத்து நிமிசந்தான் வலி, அப்பால மரத்துப் போவும். நான் நின்னேன்ல?" என்றான் தேவசகாயம், பெருமையோடு. கன்னியப்பன் சுளையை வாயில் வைத்தான். மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். "படுத்துக்கோ," என்றார் வில்ஷா. பதினோரு வருஷத்தில் அவர் கற்ற தமிழ், பாறைக்கு அடியில் கற்ற தமிழ், அவர்கள் பேசுகிற அதே தமிழ். "வாணாம் தொர. படுத்தா தோளு இன்னும் குத்துது. மூச்சு முட்டுது. நின்னாத் தேவல." நின்றால் தேவலை. ஹார்கரும் படுக்கவில்லை. அவனும் பலகையில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான், வியர்வை நெற்றியில் முத்து முத்தாக, குளிர்காலத்தில். இவனுக்கும் வியர்க்கிறது, ஆனால் வெயில், எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. வில்ஷா அவன் கையைப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது. ஈரச் சாக்கைத் தொட்ட கை அப்படித்தான் இருக்கும். இவன் சாக்கைத் தொட்டானா? உட்காரவே இல்லையே.

அப்போது பூமி ஒரு தரம் அதிர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, காலுக்கடியில் யாரோ ஒரு பெட்டியை இழுத்து நகர்த்தியதுபோல். நாலாயிரம் அடிக்குக் கீழே எங்கோ பாறை தன் சுமையை மாற்றி வைத்துக்கொண்டது. மைதானம் முழுக்க ஒரே கணத்தில் வாயடைத்துப் போயிற்று. ஏழாயிரம் பேரும் தலையைச் சற்றே சாய்த்து, சங்கு ஊதுகிறதா என்று காதைக் கொடுத்தார்கள். சங்கு ஊதினால் உள்ளே ஆள் மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. சங்கு ஊதவில்லை. விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வில்ஷாவால் மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று மேலே நிற்பவனுக்கு எப்படித் தெரியும், ஊதினால்தான் தெரியும், ஊதுகிறபோது தெரிந்து என்ன பயன். ஒருவேளை சுளுக்காகவே இருந்தால்? கோப்பை போகும். பத்துப் பேரை வைத்து அந்தப் பூட்ஸ் கால்களை ஜெயிக்க முடியாது. சுளுக்குக்குப் பயந்து வெள்ளைக்காரன் தன் ஆட்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டான் என்பார்கள். சொல்லமாட்டார்களா? சொல்வார்கள், நிச்சயமாகச் சொல்வார்கள், முனிரத்தினமே சொல்வான், சவரக்கடையில் அது ஆறாவது கதையாகும். நாளைக் காலையில் கன்னியப்பன் ஜோராக எழுந்து வேலைக்குப் போவான், லைன் முழுக்க அவனைக் காட்டி இவரைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும். இல்லை, சிரிக்கட்டும் என்று அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்த எண்ணமும் முட்டிக்கொண்டு திரும்பியது. ஏழு நிமிடம். முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்து, விரலால் மண்ணில் கோடு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்: "கன்னியப்பன் லெப்ட்டுல நிக்கட்டும். ஓட வாணாம். அவங்க ஆளு ஒருத்தன் அவங்கிட்ட மாட்டிப்பான். பாக்கிப் பத்துக்குப் பத்து. செரிதானே தொர?" சொல்லுக்குச் சொல் வில்ஷாவின் பாடம்.

"அவன் நிக்க வாணாம்," என்றார் வில்ஷா.

"நிக்க வாணாமா? பின்ன?" "ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீங்க பத்துப் பேரா ஆடுங்க." முனிரத்தினம் மண்ணில் போட்ட கோட்டையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "இன்னா தொர, வெளயாடுறீங்களா? பைனல் ஆட்டம். பத்துப் பேரோட போயி அவங்க காலுல விழச் சொல்றீங்களா?" கன்னியப்பன் சுளையைத் துப்பிவிட்டு முன்னால் ஓரடி வந்தான். "நான் நிக்கிறேன் தொர. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஆளு நின்னாரு இல்ல, ஒங்க ஊரு ஆளு? கொடல் சரிஞ்சும் நின்னாரு. எனக்கு வெறும் தோளுதானே?" சாக்குகளிலிருந்து ஆமோதிப்பாக ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வில்ஷாவின் தொண்டையில் கதையின் வழவழப்பான பகுதி தானாகவே வந்து நின்றது, பழகிய நாய் கூப்பிடாமலே வருவதுபோல்; அதைச் சொன்னால் போதும், இவர்கள் கண் மின்னும், இவன் போய் நிற்பான், எல்லோருக்கும் அதுதான் வேண்டும், இவனுக்கே அதுதான் வேண்டும், நாமாக ஏன் தடுக்க வேண்டும். அவர் பொத்தானைப் போட்டார். கழற்றினார்.

"அந்த ஆளு செத்துட்டான்," என்றார்.

"யாரு?" "ஹார்கர். லெப்ட்டுல நின்னவன்." "எப்போ?" "ஆட்டம் சனிக்கெழம. செத்தது செவ்வாக்கெழம." முதலில் தேறிக்கொண்டவன் முனிரத்தினம்தான், பெரியவர் தடுமாறினால் இளையவன் எடுத்துக்கொடுக்கும் இங்கிதத்தோடு, பொறுமையாகச் சொன்னான்: "இல்ல தொர. தப்பாச் சொல்றீங்க. அவரத் தோள்ல தூக்கிகினு போனாங்க. அதான் கதை. எத்தினி தபா கேட்டுகீறோம்." "தூக்கிகினு போனது நெசம். அதுக்கு மேல நான் சொல்லல." "இவ்ளோ நாள் கழிச்சி இப்போ ஏன் கதைய மாத்துறீங்க?"

"மாத்தல. முடிக்கிறேன்." அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "அவனுக்கும் வயித்துல ஒத. அவனும் தோளு வலிக்குதுன்னான். நான் சிரிச்சேன். அவன் நிக்கிறேன்னு சொல்லல. நாந்தான் நில்லுன்னேன். வயித்துக்குள்ள ரத்தம் கொட்டினா தோளுலதான் வலிக்கும், டாக்டர் அப்பறம் சொன்னாரு." கன்னியப்பனின் வலது கை தோளிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது, அது தன் கையல்ல, வேறு யாரோ விட்டுப்போனது என்பதுபோல் அவன் அதைப் பார்த்தான். தேவசகாயத்தின் தட்டு அசையாமல் நின்றது. "அப்போ நான் நின்னது?" என்றான் அவன். வில்ஷா அவனை நேராகப் பார்க்க வேண்டியிருந்தது. "அதுவும் நான் சொன்னதுதான். சொல்லியிருக்கக் கூடாது." தேவசகாயம் தட்டைக் குனிந்து தரையில் வைத்தான். கயிற்றைக் குனிந்து கடந்து ஜனத்துக்குள் போய் மறைந்தான். போகட்டும். போகாமல் என்ன செய்வான். முப்பது நிமிடம் பல்லைக் கடித்ததற்கு அவனிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெருமை ஒன்றுதான், அதையும் ஒரு வாக்கியத்தில் பிடுங்கியாயிற்று. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷத்தில் நான் கொடுத்தது என்ன, பிடுங்கியது என்ன என்று மனம் கிளம்பிய திசையில் அதைப் போகவிடாமல், வில்ஷா கன்னியப்பனின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணத் தொடங்கினார். நூல்போல் ஓடியது. எண்ணிக்கை பாதியில் தப்பியது.

நடுவர் ஊதினார். முனிரத்தினம் எழுந்து, தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கன்னியப்பனையும் வில்ஷாவையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றான். "தோத்தா, லைனுக்கு வந்து நீங்களே சொல்லணும் தொர. நான் சொல்ல மாட்டேன்." "நானே சொல்றேன்." "எல்லாத்தையும்." "எல்லாத்தையும்." அவன் காறித் துப்பினான், யார்மேல் என்று சொல்ல முடியாதபடி. "வாங்கடா. பத்து பேரு." அவர்கள் வெறுங்காலோடு சரளையில் இறங்கியபோது ஜனம் வழக்கம்போல் ஆர்ப்பரித்தது, ஆர்ப்பரிப்பு பாதியில் தயங்கியது, ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற முணுமுணுப்பாக மாறியது, பத்தோடு நின்றுபோனதும் கயிற்றோரத்திலிருந்து, "எங்கடா கன்னியப்பன்? தொர வித்துட்டானா?" என்று ஒரு குரல் கிளம்பியது, அதைத் தொடர்ந்து இன்னும் பத்துக் குரல். வில்ஷாவின் முதுகு அத்தனையையும் வாங்கிக்கொண்டது. கன்னியப்பனின் முழங்கால் மடங்கியபோது அவர் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தார். "தள்ளுங்க, வழி விடுங்க!" என்ற குரல் கேட்டுத் திரும்பினால், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஜட்கா வந்துகொண்டிருந்தது, குதிரையின் கடிவாளத்தைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து இழுத்தபடி தேவசகாயம். அவன் வில்ஷாவைப் பார்க்கவில்லை. "ஏத்துங்க," என்றான். ஏற்றினார்கள். "ஒக்காந்த மாதிரியே வைங்க, படுக்க வைக்காதீங்க," என்றார் வில்ஷா. தானும் ஏறிக்கொண்டார்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மைதானத்தைவிட்டுப் போவது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி இரண்டு ஃபர்லாங். வண்டி குலுங்காமல் இருக்கத் தேவசகாயம் குதிரையை நடத்தியே கூட்டிப்போனான். ஓட்டச் சொல்லலாமா, ஓட்டினால் குலுங்குமே, குலுங்காமல் போனால் நேரமாகுமே, அறுக்கத் தெரிந்த டாக்டர் இந்நேரம் இருப்பாரா, இருந்தாலும் நம்புவாரா, பழுத்த பழம் என்று அவரும் கையை விரித்தால். கன்னியப்பன் கண்ணை மூடி அவர் மார்பில் சாய்ந்திருந்தான். அவன் வயிற்றின்மேல் வைத்த கைக்குக் கீழே பலகைபோல் ஏதோ இறுகிக்கொண்டு வந்தது, சுளுக்கில்லை, இப்போது அது தெரிந்துவிட்டது, தெரிந்ததில் ஓர் ஆறுதல்கூட இருந்தது, அந்த ஆறுதலை நினைத்து அவருக்கே அருவருப்பாயிற்று. பின்னாலிருந்து திடீரென்று பெரும் கூச்சல் எழுந்து, சயனைடு மேட்டில் மோதித் திரும்பி வந்தது. குதிரை காதை விடைத்தது. தேவசகாயத்தின் தலை திரும்பப் பார்த்து, திரும்பாமல் நின்றது. "கோலு," என்றான் கன்னியப்பன், கண்ணைத் திறக்காமல். "யாரு போட்டது தொர?" நம்ம ஆளுங்கதான் என்ற சொல் வில்ஷாவின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது, இதமான சொல், யாருக்கும் கெடுதல் செய்யாத சொல், உயிர் தரிக்க உதவினாலும் உதவும். "தெரியல," என்றார் அவர். வண்டி ஓர் அடி, இரண்டு அடி போயிற்று. "போயிப் பாத்துட்டு வாங்களேன் தொர. தேவசகாயண்ணன்தான் கூட கீறாரே." "மாட்டேன்," என்றார் வில்ஷா, சொல்லிவிட்டு, தப்பிப்போன நாடியை அவன் மணிக்கட்டில் மறுபடி தேடிப் பிடித்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.